உப்பு பிஸ்கட்டின் மேல் எதுவும் கூடாது

ஓசூர் சிப்காட்டில் மோட்டார் சைக்கிள்களுக்கு ஹெட்லைட் செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே சாயங்கால டீயோடு ஆளுக்கொரு போண்டா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் மாங்காய் சீசனில், ஒரு பெருவிரலால் அந்த போண்டா நின்றுபோனது.

ஹெட்லைட்டுக்குள் பல்புக்குப் பின்னால் வெள்ளிக் கிண்ணம் போல ஒன்று பளபளக்கும். வெளிச்சத்தை வாங்கி ரோட்டில் வீசுவது அதுதான். அதை வெறுங்கையால் தொடக் கூடாது. யாரோ ஒரு புண்ணியவான் போண்டா தின்ற கையோடு தொட்டுவிட்டான். யார் கண்ணிலும் படாமல் அது வண்டியில் ஏறி, வண்டி வடக்கே போய், விலையும் ஆகிவிட்டது. வாங்கிய மனுஷன் இருட்டியதும் விளக்கைப் போட்டால், ரோடு முழுக்க ஒரு பெருவிரல் விழுகிறது. ரேகை கூடத் தெளிவாக இருந்ததாம். எதிரே வந்த லாரிக்காரர் யாரோ லிஃப்ட் கேட்கிறார்கள் என்று நினைத்து வண்டியை ஓரம்கட்டிக் கதவையும் திறந்துவிட்டாராம்.

புகார் கம்பெனிக்கு வந்தது. பர்சனல் மேனேஜர் ஹரீஷ்குமார் பாகலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, பெங்களூரில் படித்தவர், முப்பது வயசைத் தாண்டவில்லை. சாதாரணமாகத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் கன்னடம், பயம் வந்தால் இங்கிலீஷ். அன்றைக்கு முழுக்க இங்கிலீஷில் பேசினார். மறுநாள் போண்டா இல்லை. எண்ணெயே படாத உப்பு பிஸ்கட், ஆளுக்கு இரண்டு.

அந்த பிஸ்கட்டின் வறட்சியைச் சொல்லி முடியாது. பாக்கெட்டைப் பிரித்து வைத்த மேஜைக்குப் பக்கத்திலிருந்த குழாய் நின்றுபோனது. டீயில் முக்கினால் டம்ளரில் டீ இருக்காது, பிஸ்கட் மட்டும் முன்போலவே மொறுமொறுவென்று இருக்கும். பெயின்ட் செக்‌ஷன் ஆள் ஒருவர் அதை வாயில் போட்டுக்கொண்டே போனஸைப் பற்றிக் கேட்டதில், எதிரே உட்கார்ந்திருந்த யூனியன் செயலாளர் கமலக்கண்ணனின் சட்டைக்கு வெள்ளையடித்தது போலாகிவிட்டது.

மாரிசாமி அதை இரண்டு நாள் பொறுத்தார். அவருக்குச் சாத்தூர்ப் பக்கம். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மோல்டிங் செக்‌ஷனில் ஹெட்லைட்டின் பின்பக்கத்துக் கறுப்பு பிளாஸ்டிக் கூட்டை அச்சில் வார்த்தெடுப்பவர். அவர் மிஷினுக்கும் அந்த வெள்ளிக் கிண்ணத்துக்கும் நடுவே மூன்று சுவரும் ஒரு பூட்டும் இருந்தன. மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுப் பையில் ஒரு கண்ணாடி பாட்டிலைப் போட்டுக்கொண்டு வந்தார்.

பூண்டுத் தொக்கு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரே வதக்குவது. பூண்டு, வரமிளகாய், புளி, ஒரு துண்டு வெல்லம், மூழ்குகிற மட்டும் நல்லெண்ணெய். அவர் சட்டியை அடுப்பில் வைத்தால் சம்சாரம் ராசாத்தி பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவாள். காற்று வாட்டமாக அடித்தால் ஜூஜூவாடி செக்போஸ்டில் வரிசை கட்டி நிற்கும் லாரி டிரைவர்கள் தும்முவார்கள். இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் கன்னடத்தில் தும்முவார்கள். எவர்சில்வர் ஸ்பூன் போட்டு எடுத்த காலத்தில் மாதம் ஒரு ஸ்பூன் கரைந்தது. அதனால்தான் ஐஸ் குச்சிக்கு மாறினார்.

அந்த ஐஸ் குச்சியால் பிஸ்கட்டின் நடுவில் மட்டும் தொக்கை வைத்து, ஓரத்தில் விரல் பிடிக்க இடம் விட்டுத் தடவினார். வாயில் போட்டுக் கண்ணை மூடினார். திறந்தபோது மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள்.

"அண்ணே, எனக்கொரு இழுப்பு."

"கை கழுவிட்டியா?"

"கழுவிட்டேண்ணே."

"காட்டு."

கையைப் பார்த்துவிட்டுத்தான் தடவிக் கொடுத்தார். அன்றைக்கு மோல்டிங் செக்‌ஷனில் தண்ணீர்க் கேன் இரண்டு தடவை காலியானது. ஆனால் பிஸ்கட்டைப் பற்றி ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. அசெம்பிளியில் வேலை பார்க்கும் பொற்கொடிக்குச் சேலம். அங்கே இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, சிவப்புச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவி, செட் என்று விற்பார்கள். "தட்டுவடை கெடக்குது போங்க, இது கெடைச்சுதே" என்று உப்பு பிஸ்கட்டிலேயே செட் போட்டுவிட்டாள். காவேரிப்பட்டினத்துக்காரர் ஒருவர் கிளிமூக்கு மாங்காயைச் சீவி மிளகாய்த்தூளும் உப்பும் பிசிறிக் கொண்டுவந்தார். பாரூர்க்காரர் கந்தன் வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக இடித்து, வெல்லத்தோடு பிசைந்து உருட்டி வந்தார். தேன்கனிக்கோட்டையிலிருந்து வருகிறவர்கள் புளிச்சக்கீரை கடைந்து எடுத்துவந்தார்கள். கன்னடம் பேசும் மேஜையில் பொட்டுக்கடலைச் சட்னிப்பொடியும் ஒரு சொட்டு நெய்யும். ஒருத்தர் அவித்த முட்டையை நூலால் வட்டம் வட்டமாக அறுத்து மிளகுத்தூள் போட்டார். நூல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இதில் மாரிசாமிக்கும் கந்தனுக்கும்தான் ஒத்துவரவில்லை.

"உப்பு பிஸ்கட்டுல வெல்லமா? கோயில்ல செருப்போட நடக்கிற மாதிரி இருக்குய்யா."

"உங்க தொக்கத் தின்னா செருப்பில்லாம தார்ரோட்டுல நடக்கற மாதிரி இருக்குதுங்க. அதுக்கு இது பரவால்ல."

"தின்னு பாத்தியா?"

"ஒருவாட்டி தின்னேன். அன்னிலேருந்து எம்பொண்டாட்டி சாம்பார்ல உப்பிருக்கா காரமிருக்கான்னே தெரியல. சண்டையில்லாம ஓடுது."

இப்படி ஒரு மாதம் போனது. ஆட்கள் லீவு எடுப்பது குறைந்தது. வேலையில்லாத நாளிலும் டீ டைமுக்கு மட்டும் வந்துபோனவர்கள் உண்டு. பிறகு வடக்கேயிருந்து பெரிய அதிகாரி ஒருவர் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தார். கேன்டீன் வாசலில் நின்று உள்ளே ஒரு மூச்சு இழுத்தார், அவ்வளவுதான். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் கண்ணீரும் மூக்குமாகக் காருக்குப் போனவர், பெங்களூர் போய்ச் சேரும் வரைக்கும் தும்மிக்கொண்டே போனாராம்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. தேநீர் இடைவேளையில் நிறுவனம் வழங்கும் உப்பு பிஸ்கட்டின் மேல் எதுவும் தடவவோ, தூவவோ, வைக்கவோ கூடாது. தொழிலாளர்கள் எண்ணெய்ப் பண்டங்களைத் தின்றபின் கைகளைக் கழுவாமல் உற்பத்திப் பொருளைத் தொடுவதால் தரம் கெடுகிறது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை.

எல்லாரும் முதல் வரியைப் படித்துவிட்டு முணுமுணுத்தார்கள். மாரிசாமி இரண்டாவது வரியைப் படித்துவிட்டு அங்கேயே நின்றார்.

"கழுவாம தொடுறோமாம்" என்றார்.

பக்கத்தில் கமலக்கண்ணன் நின்றார். "ஒரு பேச்சுக்குப் போட்டிருப்பாங்கண்ணே. விடுங்க. போண்டா நின்னப்ப நின்னுது, இதுவும் நிக்கட்டும். அடுத்த மாசம் சம்பளப் பேச்சு இருக்குது. இப்ப போயி தொக்குக்காகவா நிக்கறது?"

"தொக்கு கெடக்கட்டும்ப்பா. கையிக்குப் பதில் சொல்லு."

அன்று சாயங்காலம் கேன்டீனில் எல்லாரும் வெறும் பிஸ்கட்டைக் கடித்தார்கள். கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது, கல்லுடைக்கிற இடம் மாதிரி. பொற்கொடி டப்பாவை மடியிலேயே வைத்திருந்தாள். மாரிசாமி எழுந்துபோய், எல்லாரும் பார்க்கும்படி சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவி, துடைத்து, வந்து உட்கார்ந்து, பாட்டிலை மேஜை நடுவில் வைத்துத் திறந்தார்.

வாசலில் காவல் நின்ற செக்யூரிட்டி தங்கதுரை சிங்காரப்பேட்டைக்காரர். மீசை பெரிசு, மனசு சின்னப்பிள்ளை மாதிரி. மெல்ல வந்தார்.

"அண்ணா, வேணாங்கண்ணா. நோட்டீஸ் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் தடவறீங்க?"

"பாத்ததுனாலதான் தடவுதேன். இல்லேன்னா இன்னிக்கு எனக்கு வயித்துல பசியே இல்ல."

"நான் புடிச்சே ஆகணும்ணா. மாடியிலேருந்து சார் பாக்கறாரு."

"புடியேன். பாட்டில நேராப் புடி, எண்ணெ வழிஞ்சிரும்."

தங்கதுரை பாட்டிலை நேராகப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனார். படியேறும்போது இரண்டு தடவை தும்மினார். மாரிசாமி கையிலிருந்த பிஸ்கட்டை மாடி ஜன்னலைப் பார்த்தபடியே தின்று முடித்தார்.

மறுநாள் ஹரீஷ்குமார் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார்.

"நீங்க சீனியர். நீங்களே இப்படி மாடிதரெ ஹேகெ? இப்படிச் செஞ்சா எப்படி?" என்று கன்னடத்தில் தொடங்கியவர் தமிழுக்கு வந்தார். "சிம்பிளா முடிச்சுக்கலாம். இந்த மன்னிப்புக் கடிதத்துல ஒரு கையெழுத்து. இல்லேன்னா விசாரணை வைக்கணும். விசாரணைன்னா வேலையே போகலாம். நான் மெரட்டல, ரூல் அப்படி."

மாரிசாமி கடிதத்தைப் படித்தார். எண்ணெய்க் கையைக் கழுவாமல் பொருளைத் தொட்டேன், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தது. மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"விசாரணையே வையுங்க சார்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது ராசாத்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"மன்னிப்புன்னா எதுக்குக் கேக்கச் சொல்லுதாக? தின்னதுக்கா, கழுவலேங்கதுக்கா?"

"கழுவலேங்கதுக்கு."

"அப்ப எழுதாதீக." ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "ஆனா ஒண்ணு. வேலை போனா தொக்கு வித்துப் பொழைச்சுக்கிடலாம்னு மனசுல கோட்டை கட்டாதீக. உங்க தொக்கக் காசு குடுத்து வாங்க ஒருத்தனும் வரமாட்டான். சும்மா குடுக்கிறதுனாலதான் திங்கான்."

மாரிசாமி அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் கிடந்தது. அந்த மிஷினை விட்டால் வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. சாத்தூருக்குத் திரும்பினால் வீடு இருந்த இடத்தில் இப்போது வேறு யாரோ வீடு கட்டியிருந்தார்கள். வேலை வேண்டும். ஆனால் கழுவாத கைக்குச் சொந்தக்காரனாக அந்த வேலையில் உட்கார முடியாது. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தார், எதையும் கீழே போட மனசு வரவில்லை.

விசாரணை அதிகாரியாகக் கிருஷ்ணகிரியிலிருந்து வக்கீல் கோவிந்தப்பன் வந்தார். அறுபது வயசு, வீட்டில் தெலுங்கு, கோர்ட்டில் தமிழ். கம்பெனிக்காக ஹரீஷ்குமார், தொழிலாளிக்குத் துணையாகக் கமலக்கண்ணன், சாட்சியாகத் தங்கதுரை. மேஜை நடுவில் அரக்கு வைத்து முத்திரையிட்ட பாட்டில்.

"இதென்னப்பா?" என்றார் கோவிந்தப்பன்.

"எண்ணெய்ப் பொருள் சார்" என்றார் ஹரீஷ்குமார்.

"எண்ணெய்ப் பொருள்னா? தலைக்குத் தேய்க்கறதா, வண்டிக்குப் போடறதா?"

"திங்கறது சார்."

"தின்னு பாத்தியா?"

"இல்ல சார்."

"தங்கதுரை?"

"வாசனை மட்டும்தான் தெரியும்ங்கய்யா."

"அப்பறம் திங்கறதுன்னு நான் எப்படி எழுதறது? நாளைக்கு லேபர் கோர்ட்டுல கேப்பான். ரெண்டு பிஸ்கட் கொண்டா."

பிஸ்கட் வந்தது. முத்திரையை உடைத்தார். மாரிசாமி சட்டைப் பையிலிருந்து புது ஐஸ் குச்சியை எடுத்து நீட்டினார். "நடுவுல மட்டும் வையுங்க ஐயா. ஓரத்த விட்டுருங்க." கோவிந்தப்பன் தடவி வாயில் போட்டார். அவர் மண்டையில் நாற்பது வயசிலேயே உதிர்ந்த முடியில் ஒன்றிரண்டு அப்போதே முளைத்ததைத் தங்கதுரை கண்ணால் பார்த்ததாகப் பின்னால் சொன்னார்.

"அம்மம்மா, ஏமி காரம்ரா!" என்றார் கோவிந்தப்பன், கண்ணில் தண்ணீரோடு. இரண்டாவது பிஸ்கட்டையும் எடுத்தார். "ஒண்ணுல முடிவுக்கு வர முடியாது." அதையும் முடித்துவிட்டு விசாரணையை ஒத்திவைத்தார்.

அடுத்த வாரம், தடவினால் விரலில் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு நாலு பிஸ்கட் ஆனது. அதற்கடுத்த வாரம், ஒட்டினால் சோப்பில் போகிறதா என்று பார்க்கலாம் என்றார். ஹரீஷ்குமாருக்கு இது பிடித்திருந்தது. ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"மாரிசாமி, நீங்களே தின்னுட்டு, கையக் கழுவி, இந்த ரிஃப்ளெக்டரத் தொட்டுக் காட்டுங்க. ரேகை விழலேன்னா கேஸையே விட்டுடறேன்."

கமலக்கண்ணன் துள்ளினார். "அண்ணே, தொட்டுக் காட்டுங்கண்ணே! ஒரு நிமிஷ வேலை."

மாரிசாமி இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"மாட்டேன் சார்."

"ஏன், பயமா?"

"நீங்க காலையில எழுந்திரிச்சு வெளிக்குப் போயி வந்தா கையக் கழுவுறீகளா?"

"மைண்ட் யுவர் வர்ட்ஸ்."

"கழுவுவீக. எனக்குத் தெரியும். நான் உங்களக் கழுவிக் காட்டுங்கன்னு கேக்கலல்ல? எனக்கு அம்பத்தாறு வயசு. இனிமே ஒருத்தருக்கு முன்னால கை கழுவிக் காட்டிப் பாஸாகணும்னு எனக்குத் தலையெழுத்து இல்ல."

கோவிந்தப்பன் பேனாவை வைத்துவிட்டு ஹரீஷ்குமாரைப் பார்த்தார். ஹரீஷ்குமார் தன் கையைப் பார்த்தார். அந்தச் சோதனையைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. ஆனால் எடுத்துவைத்த பிஸ்கட் வீணாகக் கூடாது என்பதற்காக எல்லாருமே ஒன்று ஒன்று தின்றார்கள். கம்பெனித் தரப்பு இரண்டு.

ஒவ்வொரு தடவையும் பாட்டிலுக்குப் புது அரக்கு வைத்து, ஹரீஷ்குமாரின் இரும்பு பீரோவில் பூட்டினார்கள். சாவி அவர் இடுப்பில். அடுத்த வாரம் பீரோவைத் திறந்தால் அரக்கு அப்படியே இருக்கும், தொக்கு மட்டும் ஒரு விரல் இறங்கியிருக்கும். வெயில் காலம், ஆவியாகியிருக்கலாம் என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. பீரோவுக்குப் பக்கத்துக் குப்பைக்கூடையில் கிடந்த காலி பிஸ்கட் பாக்கெட்டுகளைப் பற்றிக் குறிப்பில் எதுவும் இல்லை.

ஐந்தாவது வாரம் பாட்டிலை மேஜையில் வைத்தபோது அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க முடிந்தது. கழுவித் துடைத்தது போல இருந்தது.

கோவிந்தப்பன் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். வருத்தத்தோடு நிமிர்த்தி வைத்தார்.

"பொருள் இல்ல. பொருள் இல்லாம குற்றம் இல்ல. ஹரீஷ், என்னப்பா சொல்றே?"

ஹரீஷ்குமாருக்கும் போதும் போதும் என்றாகியிருந்தது. "ட்ராப் பண்ணிடலாம் சார். மாரிசாமி, இதுல கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு எப்பவும் போல ஷிஃப்டுக்கு வாங்க."

கமலக்கண்ணன் மாரிசாமியின் தோளைத் தட்டினார். "அவ்வளவுதாண்ணே. வேலை தப்பிச்சுது. போடுங்க கையெழுத்த."

மாரிசாமி தாளை வாங்கிப் படித்தார். ராசாத்தியின் முகம் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் ஞாபகம் வந்தது. பேனா மூடியைக் கூடக் கழற்றிவிட்டார். பிறகு மறுபடியும் மாட்டினார்.

"தேநீர் இடைவேளையில் எதையும் தடவவில்லைன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"நான் தடவுனேனே."

கமலக்கண்ணன் அவர் காலை மிதித்தார். மாரிசாமி காலை நகர்த்திக்கொண்டார்.

"அண்ணே, அவங்களே இல்லேங்கறாங்க!"

"அவுக இல்லேங்கலாம். எல்லாருக்கும் முன்னால, கையக் கழுவி, நோட்டீஸப் படிச்சுட்டு, தெரிஞ்சே தடவுனேன். அதப் போயி நடக்கலேன்னா, திருட்டுத்தனமாத் தின்னவன் ஆயிருவேன். ஒளிச்சுத் திங்க நான் என்ன..." சொல்ல வந்தவர் பீரோவைப் பார்த்தார். ஹரீஷ்குமாரும் பீரோவைப் பார்த்தார். மாரிசாமி வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார்.

கோவிந்தப்பன் முன்னால் சாய்ந்தார். "யோவ், உனக்கு வேலை வேணுமா வேணாமா? நீ தடவினேன்னு சொன்னா நான் நிரூபணம்னு எழுதணும். எழுதினா தண்டனை உண்டு. வேலையையே எடுத்தாலும் எடுப்பான்."

"எழுதுங்கய்யா. தடவினான்னு எழுதுங்க, கழுவலேன்னு மட்டும் எழுதாதீக. அது போதும். மிச்சத்துக்கு என்ன வருதோ வரட்டும்."

வெளியே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். ஹரீஷ்குமார் அவர்களைப் பார்த்தார். காலிப் பாட்டிலைப் பார்த்தார். நாக்கால் உதட்டை ஒரு தடவை நனைத்துக்கொண்டார்.

"நாலு நாள் சஸ்பென்ஷன்" என்றார் கடைசியில். "தடவினதுக்கு. அதுக்கு மட்டும்."

"கையப் பத்தி?"

"கையப் பத்தி ஒண்ணும் வராது."

கோவிந்தப்பன் எழுதி நீட்டினார். உப்பு பிஸ்கட்டின் மேல் பூண்டுத் தொக்கு தடவித் தின்றது உண்மை என்றிருந்தது. மாரிசாமி இரண்டு தடவை படித்துவிட்டு, இனிஷியல் போட்டு, ஊர்ப் பெயரும் போட்டு, புள்ளி வைத்துக் கையெழுத்திட்டார்.

"இது சரியா இருக்கு" என்றார். "என்னிக்கிலேருந்து சார் சஸ்பென்ஷன்?"

"நாளைலேருந்து."

"அப்ப இன்னிக்கு டீ உண்டு."

மணி அடித்தது. மாரிசாமி கீழே இறங்கினார். நாலு நாள் வீட்டில் உட்கார்ந்தால் ராசாத்தி என்ன சொல்லுவாள் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் படியில் எங்கேயும் நிற்கவில்லை. கேன்டீனில் எல்லா மேஜையிலும் ஆட்கள் இருந்தார்கள். தட்டுகளில் பிஸ்கட் வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஒருத்தரும் கை வைக்கவில்லை.

அவர் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பினார். பொற்கொடி எழுந்து நின்று பீட்ரூட் துருவலை மேஜையில் கொட்டாத குறையாக வைத்தாள்.

"என்ன தாயி, உனக்குமா நாலு நாளு வேணும்?"

"எனக்கு லீவு எடுத்து ரொம்ப நாளாச்சுங்கண்ணா. எங்கம்மா வேற வரச்சொல்லிட்டே இருக்கு." இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் பீட்ரூட்டை அழுத்தினாள். ஓரத்தில் சிவப்புச் சட்னி பிதுங்கியது. "மேலதான எதுவும் வெக்கக் கூடாதுன்னாங்க? நடுவுல வெச்சாலும் குத்தம்னு எழுதிக்கச் சொல்லுங்க. நான் தப்பிக்க வரல."

அடுத்த மேஜையில் மாங்காய் வெளியே வந்தது. அதற்கடுத்ததில் புளிச்சக்கீரை. கந்தன் வெல்ல உருண்டையை மாரிசாமியின் தட்டில் வைத்து நசுக்கினார். "இன்னிக்கு இதத்தான் தின்னணும். உங்க பாட்டிலுதான் மேல காலியாயிருச்சாமே." முட்டைக்காரர் நூலைப் பல்லில் கடித்து இழுத்தார். எங்கேயோ ஒரு மூடி திறந்ததில் கேன்டீனின் இரண்டு டியூப் லைட்டும் ஒரு தடவை அணைந்து எரிந்தன.

மாடி ஜன்னலில் ஹரீஷ்குமார் நின்றார். பக்கத்தில் கோவிந்தப்பன். "பேர் எழுதுய்யா தங்கதுரை!" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து கோவிந்தப்பனின் குரல்: "ஹரீஷ், இத்தனை பேருக்கும் விசாரணை வெச்சா நான் வாராவாரம் வரணும்ப்பா. எனக்கு ஆட்சேபணை இல்ல. அந்த மாங்காய் கேஸ முதல்ல எடு, அது நாள்பட்டா கெட்டுப்போகும்."

தங்கதுரை தாளும் பேனாவுமாக முதல் மேஜைக்கு வந்தார். பொற்கொடி பெயரைச் சொன்னாள், அப்பா பெயரையும் சொன்னாள், எழுதுவதற்கு வசதியாகத் தாளின் ஓரத்தைப் பிடித்தும் கொடுத்தாள். இரண்டாவது மேஜையில் சொல்லச் சொல்ல எழுதினார். மூன்றாவது மேஜைக்காரர்கள் அவர் நின்றே எழுதுவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த இடத்தில் தாளை மேஜையில் வைத்தார். அங்கே நெய்யும் சட்னிப்பொடியும் சிந்திக் கிடந்தன. பேனாவை அழுத்தி எழுதினார், உதறி எழுதினார். எண்ணெய் குடித்த தாளில் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது, ஒரு எழுத்தும் விழவில்லை.

"சார்!" என்று அண்ணாந்து கத்தினார். "பேனா எழுத மாட்டேங்குது!"

மேலேயிருந்து பதில் வரவில்லை. ஜன்னலில் ஆளும் இல்லை. மாடிப்படியில் இரண்டு ஜோடி செருப்புச் சத்தம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

மாரிசாமி கந்தனின் வெல்லத்தை வாயில் போட்டுப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அதைக் கந்தனிடம் சொல்லவில்லை. தன் பங்கிலிருந்த இன்னொரு பிஸ்கட்டில் மாங்காயும் உப்பும் வைத்துத் தங்கதுரைக்கு முன்னால் நீட்டினார்.

"எழுதுனது போதும். வாயில போடுய்யா, நமத்துப் போயிரும்."